சாமி வழக்கில் பெண் நீதிபதி: இளகுவாரா, இறுகுவாரா?

8 ஜனவரி 2025, பாலக்கோட்டு வாசகர் ஒருவரின் கேள்வி

மதத்தைப் புண்படுத்தியதாக வரும் வழக்குகளில் பெண் நீதிபதி இருந்தால் தீர்ப்பு மாறுமா? எங்கள் ஊர் டீக்கடையில் எல்லாரும் மாறும் என்றுதான் அடித்துச் சொல்கிறார்கள். பாதிப் பேர், "பொம்பளைக்குப் பக்தி ஜாஸ்தி, உள்ளே தள்ளிடுவாங்க" என்கிறார்கள். மீதிப் பேர், "இரக்க சுபாவம், விட்டுடுவாங்க" என்கிறார்கள். கோர்ட்டில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

9 ஜனவரி 2025

நான் வேலை பார்த்தவன். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டமாக இருந்தபோது டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். 2004இல் மாவட்டம் பிரிந்த பிறகு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக மாற்றலாகி, பெஞ்ச் கிளார்க்காக ஓய்வு பெற்றேன். பெஞ்ச் கிளார்க் நீதிபதிக்குக் கீழே, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவான். அதனால் எந்த நீதிபதியின் முகமும் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை, குரல்கள்தான் ஞாபகம்.

உங்கள் டீக்கடையின் இரண்டு பாதியும் ஒரே தப்பைத்தான் செய்கின்றன. உத்தரவு வந்த பிறகு உட்கார்ந்து குணத்தைத் தேடுகிறார்கள். அம்மா ஜாமீன் கொடுத்தால் இரக்கம், மறுத்தால் பக்தி. ஐயா இதே இரண்டையும் செய்தால் அதற்குப் பெயர் சட்டம்.

மீதியை ராத்திரி எழுதுகிறேன். பேத்தி போனைக் கேட்கிறாள்.

9 ஜனவரி, இரவு

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர், ஆண்டு, பெயர் எதுவும் கேட்கக் கூடாது.

மாங்கூழ் ஆலைக்குத் தினக்கூலியாகப் போய்வந்த பையன். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படத்தை எடுத்து ஸ்டேட்டஸாக வைத்துவிட்டான். சாமியைக் கேலி செய்யும் படம். எந்த மதத்துச் சாமி என்பதையும் சொல்ல மாட்டேன், சொன்னால் பேச்சு முழுக்க அந்தப் பக்கம் ஓடிவிடும். இருட்டுவதற்குள் ஸ்டேஷன் முன்னால் கூட்டம் கூடிவிட்டது. நள்ளிரவு நெருங்கும்போது மாஜிஸ்திரேட் குடியிருப்புக்கு ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்கும் உத்தரவுக்கு, கொண்டுவந்தார்கள். கோர்ட் முத்திரை என் பொறுப்பில் இருந்த பீரோவில் இருந்தது. எடுத்துக்கொண்டு வரச் சொல்லிப் போன் வந்தது.

வாசல் முழுக்க பைக். உள்ளே அந்த அம்மாவின் சாப்பாட்டு மேசைதான் அன்றைக்குக் கோர்ட் மேடை. மேசையின் ஒரு மூலையில் பிள்ளையின் ஹோம்வொர்க் நோட்டும் ஒரு டப்பா கிரேயானும். அவற்றை ஓரமாக நகர்த்திவிட்டு ரிமாண்ட் ரிப்போர்ட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். படித்துவிட்டு இன்ஸ்பெக்டரிடம், இந்தப் படத்தைத் தயார் செய்தது யார் என்று கேட்டார். தெரியவில்லை என்றார் அவர். வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு வைத்தான் என்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். பதில் இல்லை. அதிகபட்சமே மூன்று வருஷம் தண்டனை உள்ள குற்றம், நோட்டீஸ் கொடுத்து விசாரிக்காமல் கைது செய்ய என்ன அவசியம் என்று எங்கே எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டார். 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் போலீஸ் கைதுக்குக் காரணம் எழுத வேண்டும். எழுதாததை மாஜிஸ்திரேட் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக் கூடாது.

இன்ஸ்பெக்டர் சொன்னார்: "வெளியில கூட்டம் நிக்குதுங்கம்மா. விட்டா லா அண்ட் ஆர்டர் ஆயிடும்."

"கூட்டத்தைக் கலைக்கிறது உங்க வேலை. அதுக்காக இவனை உள்ளே வைக்கணும்னு எந்த செக்‌ஷன்ல இருக்கு?"

குரல் ஏறவே இல்லை. ஒன்றரைப் பக்கம் கையாலேயே எழுதி ரிமாண்டை மறுத்தார். நான் முத்திரை போட்டேன். பையனைப் போலீஸ் வண்டியிலேயே அவன் மாமன் ஊரில் கொண்டுபோய் விட்டார்கள்.

மறுநாள் கோர்ட் கேன்டீனில் ஒரு வக்கீல் வடையைப் பிட்டுக்கொண்டே சொன்னார், "என்ன இருந்தாலும் தாய் மனசு. பையனைப் பார்த்ததும் இளகிட்டாங்க." அந்த அம்மா பையனைப் பார்த்ததே ஒரு தடவைதான். "அடிச்சாங்களா?" என்று கேட்பதற்காக. அது எந்த நீதிபதியும் எந்த ரிமாண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி.

10 ஜனவரி

"ஒரு சம்பவத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள்" என்று ஊத்தங்கரை நண்பர் எழுதியிருக்கிறார். சரி, ஐயா ஒருவர் கதையும் கேளுங்கள்.

நம் பக்கத்தில் வயலுக்கு வயல் நடுகல் கிடக்கும். ஆநிரை மீட்டுச் செத்தவனுக்கு நட்ட கல்லெல்லாம் இன்றைக்கு வேடியப்பன் சாமி. ஒருவர் வாங்கிய புது நிலத்தில் அப்படி ஒரு கல் இருந்தது. ஜே.சி.பி. வைத்துப் பெயர்த்துப் போட்டுவிட்டார். ஊர் கொதித்தது. பழைய தண்டனைச் சட்டத்தின் 295ஆம் பிரிவில் வழக்கு.

எதிரித் தரப்பு வக்கீல் சாமர்த்தியமாக, "இது சாமி இல்லை, மியூசியத்தில் இருக்க வேண்டிய கல்" என்று வாதாடினார். அதற்குப் பதில் 1958லேயே வந்துவிட்டது. 1953இல் திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் பெரியார் பிள்ளையார் மண் பொம்மையை உடைத்தார். வீரபத்திரன் செட்டியார் என்பவர் வழக்குப் போட்டார். பிரதிஷ்டை செய்யாத பொம்மை புனிதப் பொருள் ஆகாது என்று கீழ்க் கோர்ட்டுகள் தள்ளுபடி செய்தன. உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அற்பப் பொருளாகவே இருந்தாலும் ஒரு பிரிவு மக்கள் அதைப் புனிதமாக நினைத்தால் போதும் என்றது. ஆனால் வருஷங்கள் ஓடிவிட்டன என்று மேல்முறையீட்டையும் தள்ளுபடி செய்துவிட்டது. சட்டத்தில் செட்டியாருக்கு வெற்றி, வழக்கில் பெரியாருக்கு வெற்றி. இரண்டு தரப்பும் ஊர்வலம் போகலாம்.

நம் மாஜிஸ்திரேட் அதைப் படித்தார். படித்தும் விறுவிறுவென்று நடத்தவில்லை. நேரில் பார்க்க வேண்டும் என்றார். நானும் போனேன். புளியமரத்தடியில் கல் குப்புறக் கிடந்தது. வீரன் உருவம் மண்ணுக்குள் இருந்ததால், கல்லின் முதுகிலேயே மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். ஐயா கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வரும்போது ஜீப்பில் யாரோடும் பேசவில்லை. அதற்குப் பிறகு வாய்தா, வாய்தா. அந்த இடைவெளியில் ஊரே கூடிப் பேசிக் கல்லை நட்டுவிட்டது. நிலத்துக்காரர் செலவில் கிடா வெட்டு. சாட்சிகள் எல்லாரும் பிறழ்ந்தார்கள், விடுதலை.

இங்கே இளகியது யார்? ஆனால் வக்கீல்கள் என்ன பேசினார்கள் தெரியுமா? "ஐயா பெரிய மனுஷத்தனமா முடிச்சுட்டாரு."

12 ஜனவரி

என் மகள் உளவியல் படித்தபோது வீட்டில் கிடந்த நோட்டிலிருந்து ஒன்று. 1974இல் சாண்ட்ரா பெம் என்ற அமெரிக்க உளவியலாளர் 60 குணங்களுக்கு ஒரு பட்டியல் போட்டார். 20 ஆணுக்குரியவை, 20 பெண்ணுக்குரியவை, 20 பொது. அந்த நாட்டுக் கல்லூரி மாணவர்கள் எதை ஆணுக்கு அழகு, எதைப் பெண்ணுக்கு அழகு என்று நினைத்தார்களோ அதை வைத்துப் பிரித்தது. ஒருவரிடமே இரண்டும் நிறைய இருக்கலாம் என்பதுதான் அந்த அம்மா சொல்லவந்தது. அதை விட்டுவிட்டு பட்டியலை மட்டும் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள்.

ஆண் பக்கத்தில் என்ன இருக்கிறது பாருங்கள். யாரையும் சாராமல் இருத்தல், தன் நம்பிக்கைக்காக வாதாடுதல், ஒரு நிலைப்பாட்டில் நிற்கத் தயங்காமை, சட்டென்று முடிவெடுத்தல். நீதித்துறைச் சுதந்திரம் என்று நாம் சொல்வது முழுக்க ஆண் கணக்கில் போய்விட்டது. அப்படியானால் பெண் நீதிபதி சுதந்திரமாக இருந்தாலே "ஆம்பளை மாதிரி" என்று பெயர் வாங்கியாக வேண்டும். அப்படிப் பெயர் வாங்கியவர்களையும் எனக்குத் தெரியும்.

இன்னொரு வேடிக்கை. பெண் பக்கத்தில் உள்ள ஒரு குணம், புண்பட்ட மனதைத் தேற்றத் துடிப்பது. மத உணர்வைப் புண்படுத்தும் குற்றம் என்று சட்டம் எழுதி, பிரிவு போட்டு, தண்டனை வைத்தவர்கள் எல்லாரும் மீசை வைத்த ஆண்கள். அன்றைக்கு மாஜிஸ்திரேட் வீட்டு வாசலில் மனம் புண்பட்டு நின்ற கூட்டத்திலும் ஒரு பெண்கூட இல்லை. பெம் பட்டியல்படி அந்த ராத்திரி அங்கே பெண்மை நிரம்பி வழிந்த இடம் வாசல்தான். சாப்பாட்டு மேசையில் இருந்தது ஆண்மை.

13 ஜனவரி

மேலே எழுதியதை வீட்டம்மாவிடம் படித்துக் காட்டினேன். "இருபத்திநாலு மணி நேரமும் உங்களைத் தேத்திக்கிட்டு இருக்கேன், அதுக்கு எந்தப் பட்டியல்ல மார்க்கு?" என்றாள். போகி வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

15 ஜனவரி, மாட்டுப் பொங்கல்

ஊத்தங்கரை நண்பரே, உங்கள் ஊர்க்காரரை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. நீதிபதி ஆர். பானுமதி உங்கள் ஊரில் பிறந்தவர். 1988இல் நேரடித் தேர்வில் மாவட்ட நீதிபதி ஆனார். உச்ச நீதிமன்றத்துக்கு 2014இல் போய் 2020இல் ஓய்வு பெற்றார். அவர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக மதுரைக் கிளையில் இருந்தபோது, 2006 மார்ச்சில், ரேக்ளா பந்தயத்துக்கு அனுமதி கேட்டு வந்த வழக்கில் ஜல்லிக்கட்டையும் சேர்த்துத் தடை போட்டார்.

எருது விடுகிற ஊர் நம்முடையது. 2023 பிப்ரவரியில் அனுமதி தாமதமானதற்கே கோபசந்திரத்தில் தேசிய நெடுஞ்சாலையை மறித்து ஓசூர் ரோடே ஸ்தம்பித்ததைப் பார்த்தோம். 2006இலும் நம் பக்கம் பேச்சு சூடாகத்தான் இருந்தது. என் காதில் விழுந்தது, "பொம்பளை ஜட்ஜுக்கு மாடு துள்ளினா பயம்." கோயில் திருவிழாவில் கை வைக்கிறார், சாமி குத்தம் என்றும் பேசினார்கள். 2007இல் டிவிஷன் பெஞ்ச் அந்தத் தடையை நீக்கியது. பிறகு 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் கே.எஸ். ராதாகிருஷ்ணன், பினாகி சந்திர கோஷ் என்ற இரண்டு ஆண் நீதிபதிகள், இது மதச் சடங்கு என்ற வாதத்தையும் தள்ளிவிட்டு மொத்தமாகத் தடை செய்தார்கள். அவர்களைப் பற்றி ஆம்பளைக்கு மாடு என்றால் பயம் என்று யாரும் சொன்னதாகக் கேட்கவில்லை. பீட்டாவைத் திட்டினார்கள், மத்திய அரசைத் திட்டினார்கள். நீதிபதிகளின் உடம்புக்குள் யாரும் போகவில்லை.

அதே பானுமதிதான் 2017இல் நிர்பயா வழக்கில் மரண தண்டனையை உறுதி செய்த அமர்வில் தனியாகத் தீர்ப்பு எழுதினார். இதற்கு டீக்கடையில் என்ன குணம் வைத்திருக்கிறார்கள் என்று பாலக்கோட்டுக்காரர் கேட்டுச் சொல்லட்டும்.

19 ஜனவரி

"லோக்கல் கதை போதும், பெரிய கோர்ட் ஆதாரம் காட்டுங்கள்" என்று ஒருவர். நேராக எதிரெதிராக இரண்டு இருக்கின்றன.

ஒன்று சபரிமலை. 2018 செப்டம்பர் 28. ஐந்து பேர் அமர்வில் ஒரே பெண் இந்து மல்ஹோத்ரா. நான்கு ஆண்களும் பெண்களை அனுமதிக்கச் சொன்னார்கள். அவர் மட்டும், ஆழமான மத உணர்வு சம்பந்தப்பட்டதில் கோர்ட் சாதாரணமாகத் தலையிடக் கூடாது என்று மாறுபட்டார். இது குற்ற வழக்கு இல்லைதான். ஆனால் மத உணர்வுக்கு எவ்வளவு இடம் என்பதுதான் கேள்வி.

மற்றொன்று இந்தோனேசியா. அங்கே 1965இல் வந்த மத நிந்தனைச் சட்டம் ஒன்று உண்டு. அதை ரத்து செய்யக் கேட்ட வழக்கில் 2010இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. எட்டுக்கு ஒன்று. அந்த ஒன்று, அந்த நீதிமன்றத்தின் ஒரே பெண் நீதிபதி மரியா ஃபரீதா இந்திராதி. பழைய காலத்துச் சட்டம், வலுக்கட்டாயத்துக்கு வழி செய்கிறது என்பது அவர் வாதம்.

இரண்டு பேரும் பெண்கள், இரண்டு பேரும் தனியாக மாறுபட்டவர்கள். ஒருவர் மத உணர்வு பக்கம், ஒருவர் அதற்கு எதிர்ப்பக்கம். பெண் குணம் என்று ஒன்று இருந்தால் இரண்டில் எது? எனக்குத் தெரிந்து இருவருக்கும் பொதுவானது கூட்டத்தோடு கையெழுத்துப் போடாததுதான். அதைப் பெம் ஆண் கணக்கில் எழுதியிருக்கிறார்.

20 ஜனவரி

அரூர்க்காரர் நல்ல குறுக்கு விசாரணை செய்கிறார். மரியா ஃபரீதா கத்தோலிக்கர், முஸ்லிம் பெரும்பான்மை நாட்டில் சிறுபான்மை. அதனால் மாறுபட்டார், இதில் பெண் எங்கே வந்தது என்கிறார்.

இருக்கலாம். ஆனால் அரூர்க்காரரே, நீங்கள் ஒரு பிறப்பை எடுத்துவிட்டு இன்னொரு பிறப்பை வைக்கிறீர்கள். மத உணர்வைப் புண்படுத்தும் குற்றத்துக்கான நம் நாட்டுச் சட்டம் பிறந்த கதையிலேயே இது நடந்திருக்கிறது. 1920களில் லாகூரில் நபியை இழிவு செய்யும் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார் என்று ராஜ்பால் என்ற பதிப்பாளர்மேல், பிரிவினரிடையே பகை மூட்டுவதற்கான 153ஏ பிரிவில் வழக்கு. கீழ்க் கோர்ட்டில் தண்டனை. 1927இல் உயர் நீதிமன்ற நீதிபதி தலீப் சிங், நூல் மோசமானதுதான், ஆனால் மறைந்துபோன மதத் தலைவரைத் தாக்குவது இந்தப் பிரிவுக்குள் வராது என்று விடுதலை செய்தார். அந்தத் தலீப் சிங் கிறிஸ்தவர், பின்னாளில் சுகாதார அமைச்சரான ராஜ்குமாரி அம்ரித் கவுரின் உடன்பிறந்தவர். தீர்ப்பைப் படிக்காதவர்கள்கூட நீதிபதியின் மதத்தைப் படித்துவிட்டார்கள். பதவி விலகச் சொல்லி எழுதிய பத்திரிகையின் ஆசிரியர் கோர்ட் அவமதிப்பில் ஜெயிலுக்குப் போனார். சட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்றுதான் அந்த மனுஷன் சொன்னார். அதே ஆண்டு 295ஏ என்ற புதுப் பிரிவை வைத்து ஓட்டையை அடைத்தார்கள். ராஜ்பாலை 1929இல் குத்திக் கொன்றார்கள்.

அன்றைக்கு நீதிபதியின் மதம், இன்றைக்கு நீதிபதி ஆணா பெண்ணா என்பது. நாளைக்குச் சாதி என்று எழுத வந்தேன், அது எப்போதும் இருப்பது.

26 ஜனவரி

கிறிஸ்டினா பாய்ட், லீ எப்ஸ்டீன், ஆண்ட்ரூ மார்ட்டின் என்ற மூவர் 2010இல் வெளியிட்ட ஆய்வைத் தருமபுரி கல்லூரி ஆசிரியர் ஒருவர் அனுப்பினார். அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் 13 வகை வழக்குகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆண் நீதிபதிக்கும் பெண் நீதிபதிக்கும் தெளிவான வித்தியாசம் தெரிந்தது ஒரே வகையில், வேலையில் பால் பாகுபாடு காட்டிய வழக்குகளில். அந்த வகையில் அமர்வில் ஒரு பெண் இருந்தால் கூட இருக்கும் ஆண்களும் பாகுபாடு என்று வழக்குப் போட்டவர் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். மற்ற எதிலும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

அங்கே மத நிந்தனை வழக்கே கிடையாது என்பதால் நம் கேள்விக்கு இது நேர்ப் பதில் ஆகாது. பெண்ணாக அடிபட்ட விஷயத்தில் பெண்ணுக்குக் கூடுதலாகத் தெரியும் என்ற அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

2 பிப்ரவரி

குணம் குணம் என்று பேசி, சட்டம் என்ற மெஷினைப் பற்றிப் பேசவே இல்லை.

295ஏ இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 299. 2024 ஜூலை 1 முதல். ஜாமீனில் விட முடியாத குற்றம், வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம். ஆனால் கோர்ட் வழக்கைக் கோப்பில் எடுக்க அரசின் முன் அனுமதி வேண்டும். முன்பு 196, இப்போது புது நடைமுறைச் சட்டத்தில் 217ஆம் பிரிவு. போலீஸ் முதலில் பிடிக்கும், அனுமதி பிறகு வரும் அல்லது வராது. பிடிபட்டவன் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்து கல்யாணமே செய்துகொள்வான், அனுமதிக் கடிதம் வந்திருக்காது. நான் பார்த்த வரையில் இந்த வழக்குக் கட்டுகள் பெரும்பாலும் தீர்ப்பு என்ற கட்டத்தையே பார்ப்பதில்லை.

அதனால் மாஜிஸ்திரேட்டின் துணிச்சலோ பயமோ பக்தியோ வேலை செய்வது ஒரே ஒரு இடத்தில்தான், ரிமாண்டில். அங்கே அவருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? அரசியலமைப்புச் சட்டத்தில் 235ஆம் பிரிவு இருக்கிறது, கீழமை நீதிமன்றங்கள் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில், அரசாங்கத்தின் கையில் இல்லை என்று. மாற்றல் மெமோவில் மந்திரி கையெழுத்து இருக்காது. அது பெரிய பலம். ஆனால் அதே இன்ஸ்பெக்டர் நாளைக்குச் சம்மன் சார்வு செய்ய வேண்டும், அதே வக்கீல்கள் நாளைக்குக் கோர்ட் புறக்கணிக்கலாம். பிள்ளை அதே ஊர் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது. இத்தனைக்கும் நடுவில் ஒன்றரைப் பக்கம் கையால் எழுதுவது என்பது வேறு.

3 பிப்ரவரி

"கூட்டத்துக்குப் பயப்படுகிற நீதிபதியும் உண்டா?" உண்டு. குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாகிஸ்தானில் ஆரிஃப் இக்பால் பட்டி என்ற லாகூர் உயர் நீதிமன்ற நீதிபதி, மத நிந்தனை வழக்கில் மரண தண்டனை பெற்ற இரண்டு கிறிஸ்தவர்களை 1995இல் விடுதலை செய்த அமர்வில் இருந்தார். 1997இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மத நிந்தனைச் சட்டத்தை விமர்சித்த பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீரைக் கொன்றவனுக்குத் தண்டனை கொடுத்த நீதிபதி நாட்டை விட்டே போக வேண்டியிருந்தது. நம் பக்கத்துக் கர்நாடகத்தில் 2022 மார்ச்சில் வகுப்பில் ஹிஜாப் தடை செல்லும் என்று தீர்ப்பு சொன்ன மூன்று பேருக்கும் மிரட்டல் வந்து ஒய் பிரிவு பாதுகாப்பு கொடுத்தார்கள். மூவரில் ஒருவர் பெண், முஸ்லிம், ஜே.எம். காஜி. ஒருமனதான தீர்ப்பில் அவரும் கையெழுத்திட்டார். மிரட்டியவர்கள் ஆண் பெண் பார்க்கவில்லை.

ஜகார்த்தாவில் அஹோக் வழக்கு இன்னும் குழப்பம். அந்த நகரின் கிறிஸ்தவ ஆளுநர், குர்ஆன் வசனம் பற்றிப் பேசியதற்காக மத நிந்தனை வழக்கு. லட்சக்கணக்கில் தெருவில் ஊர்வலம். அரசுத் தரப்பே நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டால் போதும் என்று கேட்டது. 2017 மே மாதம் கோர்ட் இரண்டு வருஷம் சிறை என்றது. அரசு கேட்டதை மீறினார்கள், எனவே சுதந்திரம் என்பீர்களா? தெருவில் கேட்டதைக் கொடுத்தார்கள், எனவே அடிமைத்தனம் என்பீர்களா? இரண்டு நாளாக யோசிக்கிறேன், பின்னது பக்கம்தான் மனம் சாய்கிறது.

9 பிப்ரவரி

தலைப்பை விட்டு விலகுகிறேன் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நம் ஊர் கோர்ட்டைப் பற்றிப் பேசும்போது வாச்சாத்தியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1992 ஜூன் 20, பழங்குடி கிராமத்துக்குள் புகுந்து மக்களை அடித்துப் பெண்களை வன்கொடுமை செய்த வழக்கு. வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை என்று குற்றம்சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி செஷன்ஸ் கோர்ட், அதற்குள் இறந்துபோன 54 பேர் போக மீதி 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. ஒருவரைக்கூட விடவில்லை. 2023இல் மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் மலையடிவார கிராமத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, அதே செப்டம்பர் 29இல் தண்டனையை உறுதி செய்தார்.

இரக்கம் என்றால் அதில் இருக்கிறது, அரசாங்கத்துக்கு எதிராக நிற்கும் துணிச்சலும் இருக்கிறது. இரண்டு கோர்ட்டிலும் ஆண் நீதிபதிகள்.

9 பிப்ரவரி, இரவு

எழுத்தாளர் பெருமாள் முருகனின் 'மாதொருபாகன்' நாவல் வழக்கைக் கேட்டவருக்கு: நாவலைத் தடை செய்ய மறுத்து, அவர்மேல் இருந்த வழக்கை ரத்து செய்தது 2016 ஜூலை 5. தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா. ஒரு ஆண், ஒரு பெண், ஒரே தீர்ப்பு. கவுல்தான் 2008இல் டெல்லியில் ஓவியர் ஹுசைன்மேல் இருந்த வழக்குகளையும் ரத்து செய்தவர்.

16 பிப்ரவரி

வித்தியாசமே இல்லை என்பதுபோல் இதுவரை எழுதிவிட்டேன். யோசித்துப் பார்த்தால் ஒன்று இருக்கிறது. அது நீதிபதியிடம் இல்லை, கூண்டில் நிற்பவரிடம்.

தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வயதான பெண். ஊர்வலத்தின்மேல் எச்சில் துப்பிச் சாமியை அவமதித்தார் என்று புகார். கன்னடமும் தெலுங்கும் கலந்த பேச்சு. ஐயா ஒருவர் இருந்தவரை அந்தக் கிழவி எந்த வாய்தாவிலும் வாய் திறக்கவில்லை. "துப்பினாயா?" என்றால் தலையைக் குனிந்துகொள்வார். ஐயா கெட்டவர் இல்லை, மரியாதையாகத்தான் கேட்டார். அவர் மாற்றலாகி ஓர் அம்மா வந்தார். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். கிழவி நிமிர்ந்து பார்த்துவிட்டு, தெலுங்கில் கொட்டித் தீர்த்துவிட்டார். துப்பியது உண்மை. சாமிமேல் இல்லை. மேளத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டு வந்த இருவர்மேல். முந்தின வாரம் தண்ணீர்க் குழாயடியில் அவர் பேத்தியின் கையைப் பிடித்து இழுத்தவர்கள் அவர்கள். அதில் ஒருவர்தான் புகார்தாரர். நான் அதை டெபாசிஷன் தாளில் எழுதும்போது ஹாலில் ஒரு சத்தம் இல்லை.

இந்த வகை வழக்குகளில் பெண்கள் குற்றவாளியாக வரும்போது அடியில் ஏதாவது அன்றாடச் சண்டை கிடக்கிறது. பாகிஸ்தானின் ஆசியா பீபி, 2009இல் பழம் பறிக்கிற வயலில் நீ தொட்ட குவளையில் தண்ணீர் குடிக்க மாட்டோம் என்று கூட வேலை செய்த பெண்கள் சொன்னதில் ஆரம்பித்தது. இரட்டைக் குவளை பார்த்த நமக்கு அது விளக்கிச் சொல்ல வேண்டியது இல்லை. 2010இல் மரண தண்டனை, 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விடுதலை. இந்தோனேசியாவில் மெய்லியானா, பள்ளிவாசல் ஒலிபெருக்கிச் சத்தம் அதிகம் என்று முறையிட்டார். 2018இல் 18 மாதம் சிறை. ஆசியாவை விடுவித்த மூவரும் ஆண்கள்தான். சாட்சிகளின் முரண்பாடுகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து பிரித்தார்கள். ஆனால் எட்டு வருஷம் ஆயிற்று.

குழாயடிக் கதை முதல் வாய்தாவிலேயே வெளியில் வந்திருந்தால் அந்தக் கிழவி பஸ்ஸில் ஏறி இறங்கி அலைந்திருக்க வேண்டியதில்லை. அவ்வளவுதான் நான் சொல்லும் வித்தியாசம். பக்தி, இரக்கம் எதுவும் அதில் இல்லை.

17 பிப்ரவரி

"அப்படியானால் பெண் வழக்குக்குப் பெண் நீதிபதி, ஆண் வழக்குக்கு ஆண் நீதிபதி என்று பிரித்துவிடலாமா?" என்று ஒரு புத்திசாலி. மாட்டு வழக்குக்கு என்ன செய்வீர்கள்?

22 பிப்ரவரி

மொரப்பூர் நண்பரின் அக்கா மகனுக்கு 299இல் நோட்டீஸ் வந்திருக்கிறதாம். ஒரு கிரிக்கெட் வீரரைச் சாமி மாதிரி வரைந்த படத்தைப் பகிர்ந்தானாம். பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். தோனியை விஷ்ணுவாகப் போட்ட பத்திரிகை அட்டைக்காக வந்த வழக்கை 2017இல் உச்ச நீதிமன்றமே ரத்து செய்திருக்கிறது. வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு செய்ததாக இருக்க வேண்டும், கவனக்குறைவு போதாது என்பது 1957 ராம்ஜி லால் மோடி வழக்கிலிருந்து இருக்கிற சட்டம்.

நோட்டீஸில் போட்ட தேதிக்குக் கட்டாயம் போகட்டும். போகாவிட்டால் அதையே காரணமாக எழுதிப் பிடிப்பார்கள். போனில் எதையும் அழிக்க வேண்டாம், அழித்தால் கெட்ட எண்ணம் என்பார்கள். வக்கீல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகட்டும். வாக்குமூலம் என்று நீட்டும் தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். எந்த மாஜிஸ்திரேட் கோர்ட், ஐயாவா அம்மாவா என்று விசாரித்துக்கொண்டு நேரத்தை வீணாக்காமல், அவன் அந்தப் படத்தை யாரிடமிருந்து எத்தனை மணிக்கு வாங்கினான் என்பதை இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.